வீட்டுப் புகைப்படங்களைச் சீர்செய்யக் கட்டுப்படியாகும் மென்பொருள்: கிம்ப்பை ஓராண்டு பயன்படுத்திய அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் என் பெரியம்மா, சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரத்தில் பழைய பிஸ்கட் டின் ஒன்றை என் கையில் கொடுத்து, "இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சரிபண்ணிக் கொடு கண்ணா, நான் இருக்கும்போதே பிள்ளைகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி போய்ச் சேர வேண்டும்" என்றார். டின்னில் 140க்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. ஒரு பங்கு, டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள். 1960களில் அங்கிருந்த குடும்பங்களைச் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்தபோது துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவரப்பட்டவை. இன்னொரு பங்கு, 1970களிலும் 80களிலும் எடுத்த வண்ணப் படங்கள். அவற்றில் புடவை, சுவர், முகம் எல்லாமே செம்பருத்திச் சாறு பூசியதுபோல் சிவந்துபோயிருந்தன. இவற்றோடு, காவடித் திருவிழாக்களில் நானே கேமராவில் எடுத்துப் பல ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருந்த படங்களும் சேர்ந்துகொண்டன. ஆக, வீட்டில் வைத்துப் பயன்படுத்தத்தக்க, கைக்கு அடங்கிய செலவில் கிடைக்கும் ஒரு படத்திருத்த மென்பொருளைத் தேடும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தேடலில் நான் பார்த்தவற்றையும், கடைசியில் நிலைத்து நின்ற கிம்ப் என்னும் மென்பொருளை ஓராண்டு பயன்படுத்திக் கண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை வேறாக இருப்பவருக்கு முடிவும் வேறாகத்தான் இருக்கும். மாதாமாதம் பணம் கேட்கக்கூடாது. எட்டு கிகாபைட் நினைவகமுள்ள என் சாதாரண மடிக்கணினியில் ஓட வேண்டும். மின்சாரம் போனால் இணையமும் போய்விடும் ஊரில் இருப்பதால், இணையம் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும். படத்தின் அடியில் தமிழில் பெயர் எழுதினால் எழுத்துகள் உடையாமல் வர வேண்டும். இந்த நான்கையும் யாரிடம் சொன்னாலும் உடனே கிடைத்த பதில், ஃபோட்டோஷாப்பை யாரிடமாவது வாங்கிப் போட்டுக்கொள் என்பதுதான். அப்படி "வாங்கிப் போடுவதற்கு" ஒரு கணினிக் கடையில் மிகச் சிறிய தொகைதான் கேட்டார்கள். உரிமம் உடைக்கப்பட்ட அந்தப் பிரதி என் உறவினர் ஒருவரின் கணினிக்குள் புகுந்த பிறகு, உலாவி தானாக வேறு பக்கங்களைத் திறக்கத் தொடங்கி, கடைசியில் விண்டோஸையே அழித்துப் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. அந்தக் கணினியில் இருந்த குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும் அதோடு போயின. திருட்டுப் பிரதி மலிவு என்று யாரும் நினைக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

நேர்வழியில் போனால் அடோபி நிறுவனத்தின் சந்தா இருக்கிறது. 1990இல் முதலில் வெளிவந்த ஃபோட்டோஷாப்பை, ஒருமுறை விலை கொடுத்து வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 2013இல் அந்நிறுவனம் சந்தா முறைக்கு மாறியது. புகைப்படக்காரர்களுக்கென்று அது வைத்திருந்த, மாதம் 9.99 டாலர் விலையுள்ள திட்டத்தைப் புதிய வாடிக்கையாளர்கள் 2025 ஜனவரி முதல் பெற முடியாது. அவர்களுக்கு எஞ்சியிருப்பது 19.99 டாலர் திட்டம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 240 டாலர். ராண்டில் சம்பளம் வாங்குகிறவருக்கு டாலரின் ஏற்ற இறக்கம் எப்படி உறைக்கும் என்பதைத் தென்னாப்பிரிக்காவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு மின்னணுச் சேவைகளுக்கும் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் எடுத்துவிட்டு இடையில் நிறுத்தினால், எஞ்சிய மாதங்களுக்காக ஒரு கட்டணம் கேட்கப்படும் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுவது நல்லது. கருவி என்ற அளவில் அது சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர் அதற்குச் செலவிடும் பணம் வருமானமாகத் திரும்பி வரும். 140 படங்களைச் சீர்செய்ய நினைக்கும் ஒரு குடும்பத்துக்கு அது குடியிருக்காத வீட்டுக்கு வாடகை கட்டுவதற்குச் சமம். வாடகை நின்ற நாளில் ஃபோட்டோஷாப் திறக்காது. அதில் அடுக்கடுக்காகச் செய்துவைத்த வேலையை மீண்டும் தொட வேறு கதவைத் தேட வேண்டும்.

அதே நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் ஃபோட்டோஷாப் எலிமெண்ட்ஸ் எனக்கு ஏற்றதாக இருக்குமென்று முதலில் நம்பினேன். வழிகாட்டும் படிகளோடு வருவதால் புதியவருக்கு எளிது. ஆனால் 2024 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து அதையும் 99.99 டாலருக்கு மூன்றாண்டு உரிமமாகத்தான் விற்கிறார்கள். மூன்றாண்டுக்குப் பிறகும் பெரியம்மாவின் படங்களில் வேலை மிச்சமிருக்கும் என்று எனக்குத் தெரிந்ததால் அதை விட்டுவிட்டேன்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செரிஃப் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் அஃபினிட்டி, ஒருமுறை விலைக்கு விற்கப்பட்டு நல்ல பெயர் எடுத்தது. 2024இல் அந்நிறுவனத்தைக் கேன்வா என்ற வடிவமைப்பு மென்பொருள் நிறுவனம் வாங்கியது, 2025 அக்டோபர் இறுதியில் அஃபினிட்டியை இலவசமாக்கியது. கேன்வா கணக்கு ஒன்றைத் தொடங்கி நுழைய வேண்டும். செயற்கை நுண்ணறிவு சார்ந்த கருவிகளுக்கு மட்டும் கட்டணச் சந்தா தேவை. அழகான, வேகமான மென்பொருள். கணக்கு தொடங்கத் தயங்காதவர் தாராளமாக முயன்று பார்க்கலாம். ஃபோட்டோபீ உலாவிக்குள்ளேயே ஓடுவது. ஃபோட்டோஷாப் கோப்புகளையும் திறக்கும். படத்தை எந்தச் சேவையகத்துக்கும் அனுப்பாமல் நம் கணினியிலேயே வேலையை முடிக்கும். ஓரத்தில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பிறருடைய கணினியில் உட்கார்ந்து அவசரமாக ஒரு படத்தைத் திருத்த வேண்டுமானால் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கைபேசியில் எடுத்த படத்தைக் கைபேசியிலேயே ஒளியேற்றி, சாய்வை நிமிர்த்தி, ஓரத்தை வெட்டிக்கொள்ள கூகிளின் ஸ்னாப்சீட் போதும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாதவர் இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திவிட்டு அதை இறக்கிக்கொள்ளலாம்.

எனக்கு அதற்கு மேல் வேண்டியிருந்தது. கிம்ப், 1995இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய மென்பொருள். அன்றிலிருந்து இன்றுவரை தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் கிடைத்துவருகிறது. கணக்கும் கடவுச்சொல்லும் கேட்பதில்லை, காலக்கெடுவும் வைப்பதில்லை. 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வெளிவந்தது. அதற்கு முன்பிருந்த 2.10 பதிப்பு 2018இல் வந்தது என்றால் இடைவெளி எவ்வளவு நீண்டது என்று புரியும். இந்தப் புதிய பதிப்பின் பெரிய மாற்றம், படத்தின் மேல் செலுத்தும் வடிகட்டிகள் (ஃபில்டர்கள்) நிரந்தரமாகப் படிந்துவிடாமல், லேயர் எனப்படும் பட அடுக்கின் மேல் தனியாக நின்று, பிறகு வந்து அளவைக் குறைக்கவோ அடியோடு நீக்கவோ இடம்கொடுப்பதுதான். முந்தைய பதிப்பைப் பயன்படுத்திச் சலித்து விலகியவர்கள் இதற்காகவே திரும்பி வந்து பார்க்கலாம். அதிகாரபூர்வமான கிம்ப் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். தேடுபொறி முதலில் காட்டும் விளம்பர இணைப்புகளை நம்பக்கூடாது.

முதல் வாரம் எனக்குக் கடினமாகவே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. திறந்தவுடன் கருவிகள் நிறைந்த ஓர் இருண்ட திரை. எங்கே தொடங்குவது என்று எந்தக் கைகாட்டியும் இல்லை. படத்தைத் திருத்திவிட்டு 'சேவ்' கொடுத்தால் அது ஜேபெக்காகச் சேமிக்காமல், எக்ஸ்.சி.எஃப். என்ற தன் சொந்த வடிவில்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமானால் 'எக்ஸ்போர்ட்' என்ற வேறொரு கட்டளையைக் கொடுக்க வேண்டும். புதிதாக வருகிற எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. நானும் எரிச்சல்பட்டேன், இரண்டு மாதம் கழித்து இதன் நியாயம் புரிந்தது. ஜேபெக் என்பது கோப்பின் அளவைக் குறைப்பதற்காகப் படத்தின் நுண்விவரங்களை உதிர்த்துவிடும் வடிவம். திறந்து திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உதிரும். எக்ஸ்.சி.எஃப். கோப்போ லேயர்களையும் எழுத்துகளையும் வடிகட்டிகளையும் அப்படியே வைத்திருக்கும். வேலைக்கு ஒரு கோப்பு, கொடுப்பதற்கு ஒரு கோப்பு என்று அது நம்மைப் பழக்குகிறது.

இனி, சிவந்துபோன படங்கள். 1970களின் வண்ணப் படத்தாள்களில் மூன்று சாயங்கள் இருந்தன. ஆல்பத்துக்குள் இருட்டில் மூடி வைத்திருந்தாலும் அவற்றில் நீலப்பச்சைச் சாயம் மற்ற இரண்டையும்விட விரைவாக மங்கிவிடும், எஞ்சிய சாயங்கள் சேர்ந்து படத்தைச் செம்மையாகக் காட்டும். நிறம் எங்கிருந்தோ வந்து ஏறவில்லை, ஒரு நிறம் விலகிப்போயிருக்கிறது என்று தெரிந்தால் பரிகாரமும் தெளிவாகிறது. கிம்ப்பில் 'கலர்ஸ்' பட்டியில் 'லெவல்ஸ்' என்ற கருவியைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தின் வரைபடத்தையும் தனித்தனியாக எடுத்து, வரைபட மேடு தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இரண்டு முனைக் குறிகளை நகர்த்தினால் போதும். மூன்றாவது நிறத்தை நகர்த்தி முடிக்கும்போது, என் சித்தியின் வளைகாப்புப் படத்தில் அதுவரை சிவப்பாகவே நாங்கள் பார்த்துவந்த புடவை, மெல்ல மெல்ல மயில் பச்சையாக மாறியது. தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். பச்சைதான் என்றார், வாங்கிய கடை இருந்த தெருவையும் சொன்னார். இந்த ஒரு கருவியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. தானாகவே மூன்றையும் சரிசெய்யும் பொத்தானும் அதே பலகையில் இருக்கிறது. பாதிப் படங்களுக்கு அதுவே போதுமானது, மீதிப் படங்களில் அது முகத்தை நீலமாக்கிவிடுகிறது, அங்கே கை வேலைதான் வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் படங்களின் நோய் வேறு. டர்பனின் கடலோர ஈரம் எந்தத் தாளையும் சும்மா விடாது. பூஞ்சைப் புள்ளிகளும், தேநீர் சிந்தியதுபோன்ற பழுப்புக் கறைகளும் ஏறியிருந்தன. இங்கே நான் கற்றுக்கொண்ட ஒரு வழியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யாமல், வண்ணத்திலேயே ஸ்கேன் செய்ய வேண்டும். மஞ்சள், பழுப்புக் கறை நீல ஒளியை விழுங்கிவிடும். சிவப்பு ஒளியை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். ஆகவே ஸ்கேன் செய்த படத்தை கிம்ப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற வழிகளாகப் (சேனல்களாகப்) பிரித்துப் பார்த்தால், நீல வழியில் கறை கரியாகத் தெரியும். சிவப்பு வழியில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அந்தச் சிவப்பு வழியை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளைப் படமாக வைத்துக்கொண்டால், ஒரு புள்ளியைக்கூடத் தூரிகையால் தொடாமலேயே முக்கால்வாசிக் கறை நீங்கிவிடும். தாத்தா மாநகராட்சிச் சீருடையில் நிற்கும் படத்தில், சட்டைப் பையை மறைத்திருந்த கறை இப்படித்தான் போயிற்று. பையில் செருகியிருந்த பேனாவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தோம்.

மிச்சமிருக்கும் கீறலுக்கும் புள்ளிக்கும் 'ஹீல்', 'குளோன்' என்ற இரண்டு கருவிகள் உள்ளன. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு நல்ல இடமொன்றைச் சொடுக்கி, பிறகு பழுதான இடத்தின் மேல் தூரிகையை ஓட்டினால், ஹீல் கருவி நல்ல இடத்தின் இழையமைப்பை எடுத்துப் பழுதான இடத்தின் வெளிச்சத்தோடு பொருத்திவிடும். குளோன் கருவி அப்படியே நகலெடுத்து ஒட்டும். சுவர், வானம், புடவை மடிப்பு ஆகியவற்றுக்கு இவை அருமையானவை. கட்டணம் வாங்கும் மென்பொருள்களில் பழுதான இடத்தைத் தொட்டாலே போதும், மாற்று இடத்தை அவையே தேடிக்கொள்ளும். கிம்ப்பில் நாம்தான் ஒவ்வொரு முறையும் காட்ட வேண்டும். ஒரு படத்துக்கு எனக்குச் சராசரியாக 40 நிமிடம் ஆகிறது. நடுவில் மடிந்து கிழிந்த படமென்றால் இரண்டு மூன்று மாலைகள். அவசரமாக நூறு படங்களை முடித்துக் கொடுக்க வேண்டியவருக்கு நான் கிம்ப்பைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த மெதுவான வேலையைப் பார்த்துவிட்டு, ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருக்கும் பெரியம்மாவின் பேரன், முகங்களைத் தானாகத் தெளிவாக்கும் ஒரு கைபேசிச் செயலியில், ஆயா என்று நாங்கள் சொல்லும் எங்கள் பாட்டியின் படத்தைக் கொடுத்துச் சில நொடிகளில் அனுப்பிவைத்தான். இமை முடி எண்ணத்தக்க அளவுக்குத் தெளிவு. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, யாரு இது?" என்று கேட்டார். மூலப் படத்தோடு ஒப்பிட்டபோது காரணம் விளங்கியது: ஆயாவின் வலது மூக்கில் இருந்த சிறிய மூக்குத்தியைச் செயலி ஒரு கறையாக எண்ணித் துடைத்திருந்தது, கண்களின் ஓரத்தை உயர்த்தியிருந்தது, மூடிய உதட்டுக்கு ஒரு புன்னகைக் கோட்டைக் கொடுத்திருந்தது. மூலத்தில் அந்த முகம் முழுவதும் நாற்பது, ஐம்பது பிக்சல் அகலத்துக்குள்தான் இருந்தது. அதற்கு மேல் தெரியும் எந்த விவரமும் எங்கள் ஆயாவினுடையது அல்ல. அந்தச் செயலி பழகிய எண்ணற்ற பிற முகங்களிலிருந்து ஊகித்து நிரப்பியது. இவ்வகைக் கருவியைக் குடும்பப் படங்களின் முகத்தில் பயன்படுத்தவே கூடாது என்பது என் திடமான கருத்து. ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு எது ஆயா, எது ஊகம் என்று சொல்ல எவரும் இருக்க மாட்டார்கள். கிம்ப் எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் விலை அல்ல, நான் காட்டாத இடத்தில் அது ஒரு புள்ளியைக்கூட மாற்றுவதில்லை என்பதுதான்.

குறைகளையும் முறையாகச் சொல்லியாக வேண்டும். கேமராவின் ரா கோப்புகளை, அதாவது கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்புகளை, கிம்ப் தனியாகத் திறக்காது. டார்க்டேபிள் அல்லது ராதெரபி என்ற இன்னொரு இலவச மென்பொருளை நிறுவினால் அதன் வழியாக வாங்கிக்கொள்ளும். கருவிகளின் பெயர்களும் இடங்களும் ஃபோட்டோஷாப்பிலிருந்து மாறுபடுவதால், அதில் பழகிய கைக்கு இது முரண்டுபிடிக்கும். வேலை நடுவே மின்சாரம் போனால், கடைசியாகச் சேமித்த பிறகு செய்த எதுவும் மிஞ்சாது. மேசைக் கணினியில் ஒரு கல்யாணக் குழுப்படத்தை இரண்டு மணிநேரம் சீர்செய்துகொண்டிருந்தபோது மின்வெட்டு வந்து அவ்வளவும் போயிற்று. அன்று முதல் மடிக்கணினிக்கு மாறியதோடு, ஒவ்வொரு கீறல் மறைந்ததும் கன்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் அழுத்துவது விரல்களுக்கே வழக்கமாகிவிட்டது.

காவடிப் படங்களுக்கு டார்க்டேபிளைத்தான் பயன்படுத்துகிறேன். தைப்பூசம் இங்கே நடுக்கோடையில் வருகிறது. உச்சி வெயிலில் மஞ்சள் உடையும் சாமந்தி மாலையும் எரிவதுபோல் விழும், அதே படத்தில் காவடியின் மயிலிறகு நிழலுக்குள் பக்தரின் முகம் இருண்டுவிடும். ரா கோப்பில் எடுத்திருந்தால் அந்த நிழலுக்குள் முகம் இன்னும் உயிரோடு இருக்கும்; நிழலை மட்டும் உயர்த்தி, மஞ்சளை மட்டும் தணித்து அதை வெளியே கொண்டுவர முடிகிறது. டார்க்டேபிள் மூலக் கோப்பைத் தொடுவதே இல்லை; செய்த மாற்றங்களைப் பக்கத்தில் ஒரு சிறு குறிப்புக் கோப்பாக எழுதி வைக்கிறது. கற்றுக்கொள்ள கிம்ப்பைவிடவும் கடினம். அதன் எல்லாக் கதவுகளையும் நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை. ஒளி, நிழல், வெண்மைச் சமன் (வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் நிறத் திருத்தம்) ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டேன், வீட்டுக்கு அது போதும்.

எல்லாப் படங்களையும் ஒழுங்குபடுத்த டிஜிகேம் என்ற மென்பொருளையும் சேர்த்துக்கொண்டேன். இதுவும் இலவசம். கூகிள் 2016இல் கைவிட்ட பிக்காசா என்ற படத்தொகுப்பு மென்பொருளை இன்னும் நினைத்து ஏங்குகிறவர்கள் என் வயதுக்காரர்களில் பலர் உண்டு. அவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும். முகங்களை அடையாளம் கண்டு பெயர் வாரியாகத் தொகுக்கும் வேலையை இது நம் கணினிக்குள்ளேயே செய்கிறது. குடும்பத்தின் முகங்கள் எந்த நிறுவனத்தின் சேவையகத்துக்கும் போவதில்லை. பெரியம்மாவின் இளவயதுப் படத்தை என் தங்கை மகளின் படத்தோடு சேர்த்து ஒரே பெயருக்குள் வைத்தது. அது தவறுதான், ஆனால் இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு அந்தத் தவற்றின் மேல் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை.

மென்பொருளுக்குச் செலவு இல்லாததால், இருந்த பணத்தை ஒரு நல்ல சமதள ஸ்கேனருக்குப் போட முடிந்தது. இதுவே சரியான வரிசை என்று இப்போது நினைக்கிறேன். ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 3600க்கு 2400 பிக்சல் கிடைக்கும். அச்சுக்கு 300 புள்ளி தேவை என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ ஏ4 தாள் அளவுக்குத் தெளிவாக அச்சாகும். அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படங்களை மட்டும் 1200இல் எடுத்தேன். ஸ்கேன் செய்ததை, ஜேபெக்கைப் போல விவரங்களை உதிர்க்காத டிஃப் வடிவில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஸ்கேன் செய்தால் பிறகு ஹீல் கருவியோடு செலவிடும் நேரத்தில் பாதி மிச்சமாகும்.

கடைசியாக, தமிழ் எழுத்து. நான் முயன்று பார்த்த ஒரு விலைகொடுக்கும் மென்பொருளில் 'கொண்டம்மா' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றது. எழுத்தைப் படமாக மாற்றி ஒட்டும் குறுக்குவழிகளைத்தான் தேட வேண்டியிருந்தது. கிம்ப்பில் யூனிகோடு எழுத்துரு எதைக் கொடுத்தாலும் உயிர்மெய் எழுத்துகள் முறையாகச் சேர்ந்து வருகின்றன. நோட்டோ செரிஃப் தமிழ் என்ற இலவச எழுத்துருவைப் போட்டு ஒவ்வொரு படத்தின் அடியிலும் பெயர்களை எழுதிவருகிறேன். எங்கள் குடும்பத்துக்கு இது சிறிய விஷயம் அல்ல. ஆவணங்களில் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்த பெயர்களையே மூன்று தலைமுறையாகச் சுமந்துவருகிறோம். முனியம்மா 'மூனியம்மா' ஆனார், கவுண்டர்கள் 'கோவெண்டர்' ஆனார்கள். பெரியம்மா சொல்லச் சொல்ல, அவர்கள் வீட்டில் அழைக்கப்பட்டபடியே பெயரைத் தமிழில் எழுதினேன்.

மேகசின் பேரக்ஸ் வாசலில் எடுத்த குழுப்படத்தில் ஐந்து பேர் நிற்கிறார்கள். நான்கு பேரைப் பெரியம்மா சொல்லிவிட்டார். இடமிருந்து நான்காவதாக, கையில் தூக்குச் சட்டியோடு நிற்கும் பெண் யாரென்று அவருக்கும் தெரியவில்லை. பிரதிகளை அச்சிட்டுக் கொடுக்கும்போது அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். எழுத்துகள் தனி லேயரில் எக்ஸ்.சி.எஃப். கோப்புக்குள் இருக்கின்றன. படத்தைப் பார்க்கும் யாராவது பெயரைச் சொன்னால், கோப்பைத் திறந்து அந்த இடத்தில் எழுதிவிட்டு, எல்லாருக்கும் புதுப் பிரதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.